கையசைத்த பொம்மை

பாரிஸ், 1884

அக்டோபர் 9
பொம்மை வேஷம் எனக்குத்தான்! முதல் அங்கம் முழுக்க மாடி முகப்பில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும், இமை அசையக் கூடாது. கீழே ஊர்ப் பையன் என்னை நிஜப் பெண் என்று நம்பி முத்தம் பறக்கவிடுவான், அவன் காதலிக்கு வயிறு எரியும். பையனாக ஆடுவது லெயோகாதி. எங்கள் பாலே அரங்கில் இளவட்ட ஆண் வேஷமும் பெண்களுக்குத்தான். சந்தா கட்டும் கனவான்களுக்குக் கால் பார்க்க வேண்டுமே. மாஸ்டர் சொன்னார்: "உனக்கு ஆட வராது, பரவாயில்லை. சும்மா இருக்க நல்லா வருது." பாராட்டு என்றே வைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 12
மாடிப்படியில் அன்ஸெல்மிடம் சொன்னேன். கீழ்வீட்டுக்காரன், மீன் மார்க்கெட்டில் கூடை தூக்குகிறான், இரண்டு வருஷமாக என் ஆள். "சும்மா உட்கார்றதுக்குச் சம்பளமா? எனக்கும் ஒரு நாற்காலி கேட்டுச் சொல்லேன்" என்றான். சனிக்கிழமை வருகிறானாம், உச்சி காலரியில், தூணுக்குப் பக்கத்தில். "கை கிய் காட்டிடாதே" என்றேன். காட்டுவான். எனக்குத் தெரியும்.

அக்டோபர் 18
எப்படி எழுதுவேன்?

உட்கார்ந்தேன். அசையவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தது, அப்போதும் அசையவில்லை. தூணருகே ஒரு தொப்பி மேலும் கீழும் ஆடியது. சிரிப்பை அடக்கி வயிறே வலித்தது. நன்றாகத்தான் போயிற்று.

அப்புறம் பின்வாசல். முசியே தெ லார்ஷ் என் சால்வையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சந்தாக்காரர், இயக்குநரிடம் என்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்ஸெல்ம் வந்தான். கோட்டுக்கு அடியில் மார்க்கெட் ஏப்ரன், அதைக் கழற்றக் கூட நேரமில்லை போல. ஹெர்ரிங் மீன் வாடை. கையில் சுட்ட செஸ்ட்நட் பொட்டலம். "ஸெலி! பிரமாதம்! நிஜ பொம்மைன்னே நெனச்சேன்!"

"இவர் யார், மதுமசேல்?" என்று முசியே கேட்டார்.

அன்ஸெல்மின் தலைக்கு மேலே பார்த்தபடி நின்றேன், இமைக்காமல். அவன் காத்திருந்தான். "சரி... உன் வேஷம் இன்னும் முடியல போல." பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். தெரியாது என்று சொல்லியிருந்தாலாவது ஒரு வார்த்தை பேசிய மாதிரி இருந்திருக்கும்.

அக்டோபர் 19
சீ. சீ. நானெல்லாம் ஒரு மனுஷியா?

அக்டோபர் 21
விடியலில் மார்க்கெட் போனேன். "அன்ஸெல்ம்" என்றேன். கூடையைத் தலையில் வைத்தபடி அப்படியே நின்றான், என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு. மீன்காரிகளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. "முதுகுல சாவி இருக்கும், திருகிப் பாருடி!" என்று ஒருத்தி கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள், அவன் சிரிக்கவில்லை. வேண்டும். எனக்கு நன்றாக வேண்டும்.

அக்டோபர் 23
லெயோகாதி மீசையை ஒட்டிக்கொண்டே திட்டினாள். "அந்த முசியே உன்னை எதுக்குச் சுத்தறார்னு நெனச்சே? வாயைத் திறக்காத பொண்ணுன்னா அவருக்கு ரொம்ப வசதிடி." அழுதேன். "அவனைப் பிடிக்குமா?" பிடிக்கும் என்றேன். "அப்ப அவன்கிட்ட சொல்லாம எங்கிட்ட ஏன் ஒப்பாரி வைக்கறே?"

இன்னொரு தடவை மார்க்கெட்டுக்குப் போக எனக்கு முகமில்லை.

அக்டோபர் 25
செய்துவிட்டேன்.

தூணருகே தொப்பி தெரிந்தது. அவனேதான், வந்துவிட்டான், என்னை மன்னித்துவிட்டான் என்று தோன்றியது. லெயோகாதி முத்தம் பறக்கவிட்ட நேரம், என் கை தானாக எழுந்தது. நன்றாக, தோள் வரைக்கும் ஆட்டிக் காட்டினேன்!

லெயோகாதிக்கு அடவு மறந்துபோயிற்று. பொம்மை செய்யும் கிழவராக நடிப்பவர் வாயைப் பிளந்தார். மேலே தொப்பிக்காரர் எழுந்து, தொப்பியைக் கழற்றி ஆட்டினார். வழுக்கை. யாரோ ஒருத்தர். பக்கத்திலிருந்த மனைவி குடையால் அவரை நாலு சாத்து சாத்தினாள். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. நான் மறுபடி பொம்மையாக உட்கார்ந்திருந்தேன், கன்னமெல்லாம் பற்றி எரிய.

மாஸ்டர் எல்லோர் முன்னாலும் வேஷத்தைப் பிடுங்கிக்கொண்டார். "சும்மா இருக்கக் கூட வரலியே உனக்கு!" முசியே தெ லார்ஷ் என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு கடந்து போனார்.

அக்டோபர் 30
கடைசி வரிசையில் ஊர்ப் பெண்களில் ஒருத்தி. பொம்மையைப் பார்த்து நாங்கள் வணக்கம் போட வேண்டும். போட்டேன்.

நவம்பர் 2
ஞாயிறு. மாடிப்படியில் வழிமறித்து உட்கார்ந்திருந்தான். என்னை நேராகத்தான் பார்த்தான்.

"மார்க்கெட் பூரா ஒரே சிரிப்பு. பொம்மை ஒண்ணு கை காட்டிச்சாமே. யாருக்கு?"

"உனக்கு."

"நான் அன்னிக்கு வரவே இல்லையே."

"இப்ப தெரியும். அப்ப நீதான்னு நெனச்சேன்."

சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு, அடக்கிக்கொண்டான். "குடை அடி எனக்கு விழுந்திருக்க வேண்டியது." பிறகு, "அன்னிக்கு வாசல்ல நின்னப்போ, ஸெலி, என் மேல வாடை அடிக்குதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்றான். அவனுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது புது நிலக்கரிக்காரர் மூட்டையோடு ஏறி வந்தார், பின்னாலேயே மூன்றாம் மாடி அம்மாளும் அவள் தங்கையும். "யாரும்மா இது, வழியை அடைச்சுக்கிட்டு?" என்றார் நிலக்கரிக்காரர்.

"அன்ஸெல்ம். மீன் கூடை தூக்கறவன். என் ஆளு" என்றேன். படிக்கட்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

மூட்டை போக நாங்கள் சுவரோடு ஒதுங்கினோம். அவன் பையிலிருந்து ஒரு செஸ்ட்நட்டை எடுத்து, உரித்து, என்னிடம் நீட்டினான்.