பாஸ்கல் மறைக்காமல் சொன்னது

ஈப்போ, 12.3.1983

அன்புள்ள அம்மாவுக்கு, பெட்ரீசியா வணக்கத்துடன் எழுதுவது. மாதாவின் தயவால் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பயப்படாமல் படியுங்கள். எனக்கு நிச்சயித்திருக்கும் பாஸ்கல் தானாகவே போய் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். மேகநோய் இருப்பது தெரிந்ததும் நேரே என் ஃபேக்டரி வாசலுக்கு வந்துவிட்டார்.

“மறைச்சுத் தாலி கட்ட மாட்டேன், பெட்ரீசியா. வேணாம்னா சொல்லிடு லா,” என்று அழுதார்.

நானும் அழுதேன். பிறகு கிளினிக்குக்கு அவர் கூடவே போனேன். ஊசி போட்டால் குணமாகும் என்று டாக்டர் சொன்னார். அதுவரை கல்யாணத்தைத் தள்ளிவைப்போம்.

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கும், பிறக்கும் பிள்ளைக்கும் வந்திருக்கும். மாதா எனக்கு நல்ல மனிதரைத்தான் கொடுத்திருக்கிறாள்.

ரூமில் தனியாகச் சாப்பாடு இறங்கவில்லை. கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாய் அனுப்புங்கள். வேலைக்குப் பஸ் வந்துவிட்டது. சொந்தக்காரர்களிடம் என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், அம்மா. அவரை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்
பெட்ரீசியா