இடது கைக்கு வேலை இல்லை

மார்ச் 4

அன்புள்ள ஃபெயில் ஐயாவுக்கு,

ஓட்டுநர் தேர்வுத் திடலில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் கூப்பிடும் பெயரை மனைவி முகத்துக்கு நேரே கூப்பிடக் கூடாதா என்ன?

நான் நலம். உங்கள் நலமும் உங்கள் கழுத்து வலியின் நலமும் அறிய ஆவல். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே குரல் உயர்ந்துவிடுகிறது, இனி எதையும் கடிதத்தில்தான் பேச வேண்டும் என்று நீங்கள் போட்ட விதியை மதித்து எழுதுகிறேன்.

புது ஆஸ்பத்திரியில் எங்கள் பிசியோதெரபிப் பிரிவு ஒருவழியாக நடக்கத் தொடங்கிவிட்டது, நடக்க முடியாதவர்களை வைத்துக்கொண்டு. வாடகை அறை பரவாயில்லை. மாடிப்படி மட்டும் செங்குத்து. என்னிடம் வரும் முழங்கால்கள் எல்லாம் இந்தப் படியில் ஏறியவையோ என்று சந்தேகம். ஒரு வருடம்தானே, ஓட்டிவிடலாம்.

நேற்று மழையில் பஸ்ஸை விட்டுவிட்டேன். எங்கள் எலும்பு டாக்டர் தன் பைக்கில் கொண்டு வந்து விட்டார். உங்கள் வண்டி மாதிரியே குனிந்து முறைக்கிற ஸ்போர்ட்ஸ் வண்டி. ஆனால் இடது கைப்பக்கம் கிளட்ச்சே இல்லை! "கியர் எப்படி மாத்துவீங்க டாக்டர்?" என்றேன். "நான் எங்க மேடம் மாத்தறேன், அதுவே மாத்திக்குது. எனக்கு ஹாரன் அடிக்கற வேலை மட்டும்தான்" என்றார். இரட்டைக் கிளட்ச்சாம். பதினெட்டு வருடமாக உங்கள் பின்னால் உட்கார்ந்து, நீங்கள் கியர் மாற்றுவதற்கு ஒரு நொடி முன்பே வயிற்றை இறுக்கிக்கொள்ளப் பழகியவள் நான். இதில் மாறியதே தெரியவில்லை. மாடிப்படியை யாரோ சரிவாக மாற்றிவிட்டது போல இருந்தது.

நீங்கள் ரசிப்பீர்கள் என்று எழுதினேன்.

உங்கள்
பின்சீட்டு


மார்ச் 9

அன்பு மனைவிக்கு,

கடிதம் கிடைத்தது. கழுத்து வலி அப்படியே இருக்கிறது. இந்த வீட்டில் என்னை விட்டுப் போகாதது அது ஒன்றுதான்.

நீ குறிப்பிட்ட வாகனத்தைப் பற்றிச் சில விளக்கங்கள். இரட்டைக் கிளட்ச் அமைப்பில் ஒன்று, மூன்று, ஐந்தாம் கியர்களுக்கு ஒரு கிளட்ச். இரண்டு, நான்கு, ஆறுக்கு வேறொன்று. வண்டி இரண்டாம் கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் கியர் சத்தமில்லாமல் கோத்துக்கொண்டு காத்திருக்கும். ஒரு கிளட்ச் பிடியை விடும் அதே கணத்தில் மற்றது பற்றிக்கொள்ளும். இடைவெளி என்பதே கிடையாது. இதை முன்னேற்றம் என்கிறார்கள். ஒருவர் இன்னும் பிடியை விடாதிருக்கையிலேயே இன்னொருவர் தயாராக வந்து காத்து நிற்கும் ஏற்பாட்டை முன்னேற்றம் என்று ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை.

கையால் கியர் மாற்றும் வண்டியில் ஓட்டுபவன் கிளட்ச்சை இழுக்கிறான், காலால் கியரை மாற்றுகிறான், மெல்ல விடுகிறான். வளைவு வருமுன் எந்தக் கியர் என்று அவனே தீர்மானிக்கிறான். தவறினால் தவறு அவனுடையது. தானியங்கி வண்டி தவறு செய்தால் நான் யாரைத் தோல்வியடையச் செய்வது? கியர் பெட்டியையா?

தொழில்நுட்ப நோக்கில் ஓர் ஐயம். நம் வண்டியில் ஒவ்வொரு கியருக்கும் உன் ஹெல்மெட் என் ஹெல்மெட்டின் பின்புறத்தில் 'டொக்' என்று இடிக்கும். நீ அறிவாய். மேற்படி வாகனத்தில், இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறுகையில், பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் முன்னால் இருப்பவரின் ஹெல்மெட்டைத் தொடுகிறதா? பின்னால் இருப்பவர் எதைப் பிடித்துக்கொள்கிறார்? மருத்துவரின் வயது என்ன? அறிவியல் ஆர்வம் தவிர வேறு காரணம் இல்லை.

கூடுதல் கேள்வி: மழை நாளில் அந்த ஊரில் டாக்ஸிகள் ஓடுவதில்லையா?

அன்புடன்,
உன் கணவன்


மார்ச் 15

என்னங்க,

உங்கள் அறிவியல் ஆர்வத்தை எங்கள் வார்டு நர்ஸிடம் படித்துக் காட்டினேன். "அக்கா, சாருக்கு வயித்தெரிச்சல்" என்றாள். "இல்லடி, கழுத்து வலி" என்றேன்.

பதில்கள்: தொடவில்லை. இருக்கைக்குப் பின்னால் உள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நடுவில் என் சாப்பாட்டுப் பை இருந்தது. டாக்டருக்கு உங்களைவிட இரண்டு வயது கூட, தலையில் முடி இல்லை. போதுமா? கிளட்ச்சைப் பற்றி நீங்கள் எழுதியது கிளட்ச்சைப் பற்றித்தானா என்று கேட்க மாட்டேன்.

கல்யாணமான புதிதில் திடலில் எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? வண்டி நின்று நின்று போனது. "பாதிக் கிளட்ச்! பாதிக் கிளட்ச்னு எத்தனை தடவை சொல்றது உனக்கு!" என்று கத்தினீர்கள். பாதி எது என்று என் கைக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நீங்கள் கத்தியதுகூடப் பரவாயில்லை. வண்டி நின்றதும் ஒரு பெருமூச்சு விடுவீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அப்புறம் இறங்கவே இல்லை.

இப்போது இறங்கலாம் என்று இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்துமிடம் காலியாகக் கிடக்கும். டாக்டர் தன் வண்டியைக் கொடுத்தார். ஓட்டினேன்! ஒரு தடவைகூட நின்றுபோகவில்லை, நிற்பதற்கு அதில் வழியே இல்லை. அவர் தூணில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டே, "விடுங்க மேடம், கியரை அது பார்த்துக்கும்! நீங்க ரோட்டைப் பாருங்க!" என்று கத்தினார். பார்த்தேன். இத்தனை வருடத்தில் ரோட்டை நான் முன்னாலிருந்து பார்த்ததே இல்லைங்க. உங்கள் தோளுக்கு மேலே தெரிகிற அளவுதான் ரோடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். கழுத்துக்குத் தலையணையை மாற்றச் சொன்னேனே, மாற்றினீர்களா?

பின்சீட்டு
(இன்னும் கொஞ்ச நாளைக்கு)


ஏப்ரல் 2

அன்பு மனைவிக்கு,

தாமதத்துக்குக் காரணம், அறியாத பொருளைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது என்ற என் கொள்கை. ஆகவே ஷோரூமுக்குச் சென்று ஓர் இரட்டைக் கிளட்ச் வண்டியை ஓட்டிப் பார்த்தேன்.

புறப்பட்டதும் என் இடது கை, இல்லாத கிளட்ச்சை இழுத்தது, காற்றுதான் அகப்பட்டது. இடது கால், இல்லாத கியரைத் தேடித் தேடி மிதித்தது. விற்பனையாளர், "சார், கால்ல எறும்பு கடிச்சுதா?" என்றார். இல்லை என்றேன். "பழைய ஆளுங்க எல்லாருக்கும் கடிக்கும் சார், ஒரு வாரத்துல சரியாயிடும்" என்றார். எனக்கு ஐம்பது வயது. பழைய ஆள் என்பதற்கான வரையறை என்ன என்று கேட்டேன். அவர் சிரித்து மழுப்பினார்.

பிறகு அவரையே பின்னால் ஏறச் சொன்னேன். "டபுள்ஸா? எதுக்கு சார்?" என்றார். காரணம் கூறவில்லை. ஆறாம் கியர்வரை சென்றோம். ஹெல்மெட் தொடவில்லை. உன் கூற்று சரிபார்க்கப்பட்டது.

ஆனால் ஒன்றைக் கவனி. ஒரு கட்டத்தில் அந்த மனிதர் பின்னால் இருக்கிறாரா, விழுந்துவிட்டாரா என்றே எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. நம் வண்டியில் உன்னை ஒரு நாளும் நான் திரும்பிப் பார்த்ததில்லை. தேவைப்படவில்லை.

பெட்டி என்னைவிட விரைவாகக் கியர் மாற்றுகிறது. அளந்து பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு விரைவாக. இதை எழுதுவதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. உண்மை என்பதால் எழுதுகிறேன்.

நேற்று அக்கா வந்திருந்தாள். "என்னடா, உன் பொண்டாட்டி அங்க பைக் ஓட்டறாளாமே? யாரோ டாக்டர் வண்டியாமே?" என்றாள். யார் சொன்னது என்றேன். நீயே போனில் சொன்னாயாம், சிரித்துச் சிரித்துப் பேசினாயாம். அக்காவிடம் பேசும்போது குரல் உயர்வதில்லை போலும்.

முடி இல்லாதவர்களுக்கு ஹெல்மெட் கச்சிதமாகப் பொருந்தும் என்பது அறிந்ததே. அதை ஒரு தகுதியாக நான் கருதவில்லை. அவருக்கு எலும்பு தெரியும். ஓட்டக் கற்றுத்தர என்ன சான்றிதழ் வைத்திருக்கிறார்? கற்றுத்தருபவர் தேநீர் அருந்துவது விதிகளுக்குப் புறம்பானது. முறையான பயிற்சிப் பள்ளி ஒன்றில் சேரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தலையணையை மாற்றவில்லை. எது உன்னுடையது, எது என்னுடையது என்று தெரியவில்லை.

உன் கணவன்


மே 20

அன்புள்ள ஐயாவுக்கு,

ஓட்டுநர் தேர்வில் பாஸாகிவிட்டேன்! இங்கேயும் உங்களை மாதிரி ஒரு ஐயா, சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர். எட்டுப் போடும்போது என்ன செய்தேன் தெரியுமா? பாதிக் கிளட்ச் இல்லாத வண்டியாயிற்றே, பின் பிரேக்கை லேசாக மிதித்துப் பிடித்துக்கொண்டே வளைத்தேன். டாக்டர் சொல்லித் தந்தது இல்லை, நானே கண்டுபிடித்தது. உரிமத்தில் 'தானியங்கி மட்டும்' என்று போட்டுக் கொடுத்தார்கள். ஆக, உங்கள் வண்டியை நான் ஓட்ட முடியாது. என் வண்டியை நீங்கள் ஓட்டலாம்.

ஆமாம், என் வண்டி. வாங்கிவிட்டேன். சிவப்பு. டாக்டருடையதைவிடச் சின்னது, சத்தமும் குறைவு. இனி யார் பின்னாலும் ஏற வேண்டியதில்லை, உங்கள் ஐயமும் தீரும் என்று நினைக்கிறேன்.

இப்போது உண்மையிலேயே முக்கியமான ஒன்று. வருடம் முடிந்த பிறகும் இங்கேயே பிரிவுத் தலைவியாக மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு ஆசையாக இருக்கிறது. வீட்டுக்கு வரவும் ஆசையாக இருக்கிறது. முடிவெடுக்கத் தெரியாமல் உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். ஒவ்வொன்றிலும் டாக்டர் இருக்கிறார், பெட்டி இருக்கிறது. நான் வெறும் ஹெல்மெட்டாக இருக்கிறேன்.

வருகிற ஞாயிறு வாருங்கள். நான் ஓட்டுவதைப் பாருங்கள். திட்டுவதென்றாலும் திட்டுங்கள். பக்கத்தில் வந்து நின்று திட்டினால், வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கிளம்பி வந்தாலும் வந்துவிடுவேன். வராமல் கடிதத்தில் திட்டினால் இருந்துவிடுவேன்.

எதிர்பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி


மே 27

அன்பு மனைவிக்கு,

தேர்ச்சிக்குப் பாராட்டுகள். ஞாயிறன்று வர இயலவில்லை. திடலில் எதிர்பாராத கூடுதல் பணி. வருந்துகிறேன்.

புதிதாக ஓட்டுபவர்களுக்குப் பொதுவாக நான் கூறும் அறிவுரைகளை உனக்கும் கூறுகிறேன். சிக்னலில் இரண்டு கால்களையும் ஊன்றக் கூடாது. இடது கால் தரையில், வலது கால் பின் பிரேக்கில். சிவப்பு வண்டிக்குச் சிவப்புக் கையுறை பொருத்தம்தான். ஆனால் உள்ளங்கையில் தடித்த தோல் உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். நீல ஹெல்மெட் அணிந்த எவரேனும் பக்கத்தில் இணையாக வந்தால் பேசிக்கொண்டே ஓட்டுவது குற்றம். சிரித்துக்கொண்டே ஓட்டுவதைப் பற்றி விதிகளில் குறிப்பு இல்லை, இருந்திருக்க வேண்டும். இடது இண்டிகேட்டரைப் போட்டால் இடது புறம் திரும்ப வேண்டும். திரும்பாமல் பேக்கரி வரைக்கும் மினுக்கிக்கொண்டே போவது பின்னால் வருபவர்களைக் குழப்பும். என் திடலில் இதற்கு நேரடித் தோல்வி.

மற்றபடி, முதுகை நேராக வைத்து நன்றாகவே ஓட்டுவாய் என்று நம்புகிறேன்.

வேலை விஷயத்தில் உன் விருப்பப்படி செய்யலாம். நான் தடையாக இருந்தேன் என்ற பெயர் எனக்கு வேண்டாம். அடுத்து எந்த நாள் வருகிறாய் என்று முன்கூட்டியே எழுதினால் பஸ் நிலையத்தில் வந்து காத்திருப்பேன்.

உன் கணவன்


ஜூன் 3

என்னங்க,

கையுறை வாங்கியதை நான் உங்களுக்கு எழுதவே இல்லை.

அந்த ஞாயிறு பஸ் நிறுத்தத்தில் நின்றது நீங்கள்தான். தாண்டிப் போன பிறகு கண்ணாடியில் பார்த்தேன். பழுப்பு ஜாக்கெட், நெற்றியில் கை, ஒரு காலை முன்னால் வைத்து, திடலில் நிற்கிற அதே நிற்பு. இருந்தாலும் நீங்கள்தானா என்று ஒரு சந்தேகம். உங்கள் கடிதம் வந்ததும் அது தீர்ந்தது.

பார்த்த உடனே இடது இண்டிகேட்டரைப் போட்டேன். திரும்புவதற்கு இல்லைங்க, ஓரம் கட்டுவதற்கு. பேக்கரி தாண்டித்தான் இடம் கிடைத்தது. நிறுத்தினேன். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன், முகம் தெரியட்டும் என்று. இண்டிகேட்டர் மினுக்கிக்கொண்டே இருந்தது. பேக்கரிக்காரர் வெளியே வந்து, "என்னம்மா, வண்டி ரிப்பேரா?" என்றார். "இல்லைங்க, வீட்டுக்காரர் வர்றார்" என்றேன். ஒரு பஸ் வந்தது. அது போன பிறகு நிறுத்தத்தில் யாரும் இல்லை. பேக்கரிக்காரர் உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டு வந்து போட்டார். உட்காரவில்லை.

டாக்டரின் நீல ஹெல்மெட் சிக்னலிலேயே வலது பக்கம் திரும்பிப் போனது. அவர் வீடு அந்தப் பக்கம். அதையும் பார்த்திருப்பீர்கள். அதைக் கடிதத்தில் எழுதவில்லை.

வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். மூன்று வருடம். கோபத்தில் சொன்னது இல்லை. கோபம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது. அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். வளைவுகள் எல்லாம் சரியாக எடுத்தேன். நீங்கள் வராவிட்டாலும் நான் வீடு போய்ச் சேருவேன் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு தெரியாத மாதிரி இருக்க முடியவில்லை.

உங்கள் தலையணை மெல்லியது. தடித்தது என்னுடையது. என்னுடையதையே வைத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறைக்கு வருவேன், என் வண்டியில். எந்த நாள் என்று எழுத மாட்டேன். எழுதினால் எங்காவது ஓரமாக நின்று பார்ப்பீர்கள். எழுதாமல் வந்தால், மணி அடித்ததும் நீங்களே எழுந்து வந்து கதவைத் திறந்தாக வேண்டும்.

அன்புடன்,
நான்