அப்பா விழுங்கிய மாத்திரை

அன்பு மகளுக்கு,

அப்பாவின் விரல்கள் மறுபடி மடங்குமா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது. அது நீங்கலாக இங்கே எல்லோரும் சுகம், நீயும் இருமல் விட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, இப்போது என் சமையலறை அழுக்கெல்லாம் அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. மருந்து ஆராய்ச்சி விஷயத்தைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். யூரிக் அமிலத்தைச் சிறுநீரில் வெளியேற்றும் அந்த மாத்திரை, விரல் தசைநாண்களைச் சுற்றியிருக்கும் உறையின் வீக்கத்தையும் குறைக்குமா என்று ஆறு மாதம் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. ஸ்கேன் அளவுகளைக் கணக்கிட்டது எங்கள் புள்ளியியல் பிரிவு. அப்பா அதில் சேர்ந்திருந்ததால் நான் கை வைக்கவில்லை, போன வாரம் முடிவை மட்டும் படித்தேன். மருந்து சாப்பிட்டவர்களுக்கும் மாவு சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. அப்பாவிடம் சொன்னதற்கு, ‘உங்க சராசரிக்குக் கேக்கலைன்னா எனக்கும் கேக்காதா, நான் என்ன சராசரியா?’ என்றார். தான் விழுங்கியது மாவுதான் என்று சாதிக்கிறார், இனித்ததாம், மருந்தென்றால் கசக்குமாம். அப்படியானால் இனி அசலைக் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம், கை சரியாகிவிடும் என்று அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். இரண்டுக்கும் ஒரே சர்க்கரைப் பூச்சு என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. பல் செட் செய்யும் பட்டறையில் மெழுகு சீவும் கத்தியை இப்போது இடது கையில் பிடிக்கிறார், ஒரு வரிசைப் பல் அடுக்க இரண்டு நாள் ஆகிறது. கூட்டாளி மாமா, ‘விரல் மூடலைன்னா என்னப்பா, நீ செஞ்ச பல்லு எதுதான் ஒழுங்கா மூடுச்சு’ என்று சீண்ட, இவரும் விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பொத்தானை நான்தான் கழற்றிவிட்டேன். ஆபரேஷன் செய்து உறையைக் கீறிவிட்டாலும் இரண்டு விரல் இப்படியேதான் நிற்கும் என்கிறார் கை டாக்டர். நாளைக் காலை கவரைப் பிரித்து, யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று சொல்வார்கள்.

போனில் அவரிடம் கையைப் பற்றிக் கேட்காதே, வேலையைப் பற்றிக் கேள். படுத்துக்கொண்டே சாப்பிடும் பழக்கத்தை விடு. எங்கிருந்தாலும் குறையில்லாமல் இரு.

உன் அம்மா

மறுநாள் மாலை சேர்த்தது: கவரைப் பிரித்தார்கள். அப்பா சாப்பிட்டது மருந்துதான், முழு அளவு, ஒரு வேளைகூட விடாமல். ‘சரி’ என்றார். நேரே பட்டறைக்குப் போய்த் தன் கத்திகளைக் கூட்டாளி மாமாவிடம் கொடுத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார்.