அட்டையில் இருந்த கை

ஜூன் 4, செவ்வாய் இரவு

அன்புள்ள நர்ஸ் அக்காவுக்கு,

வணக்கம். புதன்கிழமைகளில் நீங்கள் எங்கள் பள்ளிக்கு இரும்புச்சத்து மாத்திரை கொண்டுவரும்போது, காலி அட்டைகளைப் பெட்டியில் சேர்த்துத் தருவேனே, அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

நேற்று அப்பாவுக்கு உங்கள் சீட்டு வந்தது. இரத்த அழுத்தம் 168/104, உடனே வரவும் என்று. அக்கா, நீங்கள் அளந்தது என் அப்பாவின் கை இல்லை. சித்தப்பாவின் கை.

அப்பா கம்பெனி பஸ் ஓட்டுகிறார். மாதாமாதம் நீங்கள் அழுத்தம் அளந்து எழுதித் தரும் அட்டையைக் கம்பெனியில் காட்ட வேண்டும். எதிர்வீட்டு டிரைவர் மாமாவுக்கு இரண்டு மாதம் அழுத்தம் கூடியிருந்தது. இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அப்பாவின் அட்டையை எடுத்துக்கொண்டு சித்தப்பாதான் உங்களிடம் வருகிறார். இருவருக்கும் ஒரே முகஜாடை.

சீட்டைப் பார்த்து இருவரும் சிரித்தார்கள். "உனக்காகப் போயி நான் நோயாளி ஆயிட்டேனேண்ணே!" என்றார் சித்தப்பா. "மிஷின் கோளாறா இருக்கும்டா, விடு" என்றார் அப்பா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்தப்பா சாரத்தில் ஏறி ஏழு மாடிக் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். அப்பாவோ எங்கள் மூன்றாம் மாடிக்கு ஏறும்போது இரண்டாம் மாடியில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்கிறார். தினமும் சரிசெய்கிறார். அந்த வாருக்கு ஒரு குறையும் இல்லை.

நான் சொன்னது தெரிந்தால் அப்பாவின் வேலை என்னால்தான் போயிற்று என்பார்கள். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

இப்படிக்கு,
மாத்திரைப் பெட்டிப் பெண்


ஜூன் 5, புதன்

அன்புள்ள பெட்டிக்காரம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் பள்ளி வராந்தாவிலேயே நின்று இரண்டு முறை படித்தேன். முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதமாக அட்டையைப் பார்த்தேனே தவிர, எதிரே உட்கார்ந்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. நானூறு வீட்டுக்கு நான் ஒருத்தி என்பது சாக்கு ஆகாது.

நாளைக் காலை ஆறு மணிக்கு, வீடு வீடாக அளக்கிறவளைப் போல உங்கள் மாடிக்கு வருவேன். அதற்குமுன் சித்தப்பா வேலைக்குக் கிளம்பிவிடாமல் பார்த்துக்கொள். உன் பேர் என் வாயில் வராது.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து அடுக்குமாடிகளில் ஒருவருக்கு அழுத்தம் கூடினால், மாத்திரை கொடுத்து வேலைக்கு அனுப்புகிறார்கள். இந்தப் பக்கம் வேலையைப் பறித்துக்கொண்டு, மாத்திரையும் இல்லாமல் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். உன் அப்பா ஒளிந்ததில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவருக்குப் பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் அம்மா. அளந்தே ஆக வேண்டும். வேலைக்காக என்னால் முடிந்த அளவு போராடுவேன். கிடைக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஒன்று மட்டும் சொல். விடிகாலை ஐந்துக்குப் போய் இரவு எட்டுக்கு வருகிற மனுஷர், எங்கேயாவது அரைமணி சும்மா உட்காருவாரா?

அன்புடன்,
நர்ஸ் அக்கா


ஜூன் 6, வியாழன் இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

சித்தப்பாவின் சட்டையை வாளியில் ஊறப்போட்டேன். அதனால்தான் ஆறு மணிக்கு அவர் வீட்டில் இருந்தார். உங்களைப் பார்த்ததும் கதவுக்குப் பின்னால் போனாரே, நான் செத்தேன் என்றே நினைத்தேன். "வாங்க அட்டைக்காரரே, ஒளியறதுக்குக் கதவு பத்தலை" என்று நீங்கள் சொன்னதும் அவரே சிரித்துவிட்டார். இன்று அவர் சாரத்தில் ஏறவில்லை. கீழே நின்று பெயின்ட் கலக்கிக் கொடுத்தாராம். மாத்திரையும் போட்டுக்கொண்டார். கோடி நன்றி அக்கா.

அப்பா உட்காரும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ஞாயிறு காலை, தெருமுனை இஸ்திரிக் கடை. யூனிஃபார்மைக் கொடுத்துவிட்டு டிரைவர்கள் எல்லோரும் பனியனோடு பெஞ்சில் காத்திருப்பார்கள். சட்டை வரும்வரை எங்கும் போக முடியாது. அளக்கச் சட்டைக் கையைச் சுருட்டவும் வேண்டாம்.

மா. பெ. பெண்


ஜூலை 16, செவ்வாய் இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று அப்பா மறுபடியும் பஸ் எடுத்தார். உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அந்த ஞாயிறன்று நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் மிஷினை வைக்க இஸ்திரி மாமா மேசையின் ஓரத்தை ஒழித்துக் கொடுத்தார். அப்பா எழுந்து நழுவப் பார்த்தார். "பனியனோட எங்கப்பா ஊர்வலம் போறே? சட்டை எங்கிட்ட இருக்கு. ஒழுங்கா உக்காரு!" என்று மாமா போட்ட சத்தம் எங்கள் மாடிவரை கேட்டது. 186 என்று நீங்கள் சொன்னபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று படியேறும்போது இரண்டாம் மாடியில் நின்றார். செருப்பைத் தொடவில்லை. "மூச்சு வாங்குதும்மா" என்றார். முதல் தடவையாகச் சொன்னார்.

அடுத்த ஐந்து வாரம் பஸ் ஓட்டாமல், கம்பெனி ஷெட்டில் நின்று பஸ்களைக் கழுவினார். ஆளை நீக்காதீர்கள், குணமாக்கித் தருகிறோம் என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி, நீங்களே கம்பெனி வாசலில் மூன்று நாள் நின்றீர்களாம். எதிர்வீட்டு மாமா சொன்னார். அவரையும் அடுத்த மாதம் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் மனைவி அழுதுகொண்டே சிரித்தார். அந்த நன்றியையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா தண்ணீர் குடிக்க வந்துவிட்டார். நான் காகிதத்தை ஒளிக்கவில்லை.

"நர்ஸம்மாவுக்கா?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"மொதக் கடுதாசியும் நீதான் எழுதினேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நம்ம வீட்டுல சட்டையை வாளியில போடற ஆளு வேற யாரு?" என்றார். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "இன்னைக்கு நூத்தி முப்பத்தி நாலு. அதையும் எழுதிக்கோ."

எழுதினேன்.

"என் கைதான்னும் எழுது."

இப்படிக்கு,
உங்கள் மாத்திரைப் பெட்டிப் பெண்