ஒற்றைச் சக்கரமும் ஒன்பது மில்லிமீட்டரும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், மூன்றாவது யாரென்று பயந்துவிடாதே, நீ ஏறி நின்று ஓட்டிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் விட்டுப்போன பேட்டரிச் சக்கரத்தைத்தான் சொல்கிறேன், அதுவும் வேளாவேளைக்கு சார்ஜ் ஏறி, டயரில் காற்று குறையாமல், இந்த வீட்டிலேயே அதிகக் கவனிப்புள்ள ஆளாக இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், உன் இருமல் நின்றதா, அதை முதலில் எழுது. போனில் கேட்டால் எல்லாம் சரியாயிருக்குப்பா என்று ஒரே பாட்டைப் பாடுகிறாய், எழுத்தில் பொய் சொல்ல உனக்குக் கொஞ்சமாவது கூச்சம் வரும் என்றுதான் நானும் பேனாவை எடுத்தேன். இன்னொரு காரணமும் உண்டு. சக்கர விஷயத்தில் அம்மா இதற்குள் போனில் அவள் பங்கைச் சொல்லியிருப்பாள். அதில் பாதி உண்மை, மீதிப் பாதியும் உண்மைதான், ஆனால் எதையும் சொல்லும் விதம் என்று ஒன்று இருக்கிறது.

அம்மாவின் ஸ்கூட்டர் போன மழையில் படுத்தது, பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவள் வேலைதான் உனக்குத் தெரியுமே, சாப்பிடாமல் காத்திருக்கும் முப்பது பேர் வீட்டுக்கும் போய் ஊசி குத்தி, குழாய்களை நிரப்பிக்கொண்டு ஒன்பது மணிக்குள் லேப்புக்கு வந்துவிட வேண்டும், நேரமானால் பசியில் இருக்கிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்குப் பதில் ரத்தம் குடிக்கத் தயாராகிவிடுவார்கள். முப்பதில் இருபது பேர் எதிரே உள்ள பெரிய குடியிருப்பில். பன்னிரண்டு கட்டடம், வாசலிலிருந்து கடைசிக் கட்டடத்துக்கு நடந்தால் கால் மணி நேரம், இருசக்கர வாகனமும் நான்கு சக்கர வாகனமும் வாசலோடு நிறுத்தப்பட வேண்டும் என்று போர்டு வேறு. அங்கே நிற்கும் வாட்ச்மேனை நினைவிருக்கிறதா, எதற்கெடுத்தாலும் விதி பேசுவதால் நாம் சட்டம் என்று கூப்பிடுவோமே, அவரேதான் இன்னமும். அம்மா ஒருநாள் உன் சக்கரத்தை இழுத்து வெளியே போட்டாள். பதினேழு நாள் மாடி நடைபாதையில் சுவரைப் பிடித்துக்கொண்டு பழகினாள், ஐம்பத்தேழு வயதில், சுவரில் அவள் கைத்தடம் இன்னும் வரிசையாக இருக்கிறது, வெள்ளையடிக்க விடமாட்டேன் என்கிறாள். பதினெட்டாம் நாள் ரத்தப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு குடியிருப்பு வாசலில் போய் நின்றாள். சட்டம் போர்டைப் படித்தார், சக்கரத்தை எண்ணினார், மறுபடி போர்டைப் படித்தார். ஒண்ணப் பத்தி எதுவும் எழுதலையே, நீங்க போங்கம்மா என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒரு குறையைத் தவிர. சக்கரம் நேராகப் போகாமல் வலது பக்கமாகவே ஒதுங்கிக்கொண்டு போனது. ஒருநாள் நான்காம் கட்டடத்துச் செடிகளுக்குள் அம்மாவைக் கொண்டுபோய் விட்டது, குழாய்கள் உடையவில்லை, ஆனால் பார்த்தவர் ஒருவர் லேப் டாக்டருக்குப் போன் போட்டுவிட்டார். டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டு, மூன்று வாரம் கழித்து வெள்ளிக்கிழமை காலையில் நானே வந்து பார்க்கிறேன், வாசலிலிருந்து பன்னிரண்டாம் கட்டடம் வரை பெட்டியோடு போய்த் திரும்ப வேண்டும், ஒரு குழாய் சாய்ந்தாலும் சுற்று வேலை வேறு ஆளுக்கு, நீங்கள் பில் கவுண்ட்டருக்கு என்று சொல்லிவிட்டார். அம்மா வீட்டுக்கு வந்து கைகூடக் கழுவவில்லை. ரசீது கிழிக்கிறதுக்கா இத்தனை வருஷம் நரம்பு தேடுனேன் என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். அந்தச் சுற்று அவளுக்கு வெறும் வேலை இல்லை பாப்பா, எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, எந்த வீட்டில் யாரோடு யார் பேசுவதில்லை என்று முப்பது வீட்டுக் கதையும் அவள் பெட்டியில்தான் இருக்கிறது. கவலைப்படாதே, நான் சரிசெய்து தருகிறேன் என்றேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

உன் த்ரீ-டி பிரிண்டரை நான் இயக்குவேன் என்பது உனக்குத் தெரியும், நீ சொல்லிக்கொடுத்தது பாதி, நானாகக் கெடுத்துக் கற்றுக்கொண்டது பாதி. முதலில் பெட்டியைச் சக்கரத்தின் தலையில் ஆடாமல் பிடித்துக்கொள்ள ஒரு கவ்வி அச்சடித்தேன், அதை அம்மாவே நல்லா இருக்கே என்றாள். அந்த வார்த்தையோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். விளக்கு மாட்ட ஒரு தாங்கி, சேறு தெறிக்காமல் ஒரு மட்கார்டு, லிஃப்ட் வந்து நின்றால் அடிக்குமே அந்த டிங் மணி ஒன்று என் பழைய சாமான் டப்பாவில் கிடந்தது, அதற்கு ஒரு கூடு, கட்டைவிரலால் அழுத்த ஒரு பொத்தான். பின்னால் பார்க்க ஒரு கண்ணாடி, அது முழங்காலுக்குக் கீழே இருப்பதால் பின்னால் வரும் நாய் மட்டும்தான் தெரிந்தது, அம்மா அதுவே போதும் என்றுவிட்டாள். முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த கை சும்மா இருக்குமா, கொள்ளளவு ஒரு நபர், தீ விபத்தின்போது பயன்படுத்தாதீர் என்று ஒரு பலகையும் அச்சடித்து ஒட்டினேன்.

அடுத்தது குடைத் தாங்கி. அதைப் பற்றி அம்மா உனக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருப்பாள், அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. காற்று குடைக்குள் புகுந்து, இரண்டாம் கட்டடத்துக்குப் போக வேண்டியவளை ஏழாம் கட்டடத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர், வீட்டம்மாதான் சொல்லி அனுப்பியிருப்பாள் என்று நினைத்துச் சட்டைக் கையை மடித்து நீட்டிவிட்டார். அம்மாவும் நீட்டிய கையைப் பார்த்தால் விடுகிற ஆளா, எடுத்துவிட்டாள். அவருக்குச் சர்க்கரை முந்நூற்று இருபது, அவருக்கே தெரியாது, இன்றைக்கு அந்த வீட்டில் என்னைப் பற்றிக் கேட்டால் நல்லபடியாகச் சொல்வார்கள். ஆனாலும் சக்கரம் வலது பக்கம் இழுப்பது நிற்கவில்லை. அதற்காக இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்தேன், குழந்தைகள் சைக்கிளில் இருக்குமே அந்த மாதிரி. மறுநாள் சட்டம் வழி மறித்துவிட்டார். ஒண்ணுன்னா உள்ள விடலாம், இப்ப மூணு இருக்கு, மூணுன்னா ஆட்டோக் கணக்கு, ஆட்டோ வெளியதான் நிக்கணும் என்றார். அம்மா அன்றைக்கு இருபது வீட்டையும் நடந்தே முடித்தாள், திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க நான் பிரிண்டருக்குப் பின்னால் போய் நின்றுகொள்ள வேண்டியிருந்தது.

சின்னச் சக்கரங்களைக் கழற்றினேன், அதற்கும் நான் அடங்கவில்லை. லிஃப்ட் ஒரு பக்கம் கனத்தால் மறுபக்கம் எதிர் எடை போடுவோம், அந்த வித்தையை இங்கே காட்டினேன். இடது பக்கம் ஒரு பெட்டி அச்சடித்து மாட்டி, அதில் பழைய பித்தளை நட்டுகளைப் போட்டேன். கால் கிலோவில் ஆரம்பித்து இரண்டு கிலோவில் வந்து நின்றேன், சக்கரம் வலது பக்கம் போவதில் வைத்திருந்த பிடிவாதத்தை நான் என் வாழ்க்கையில் எதிலும் வைத்ததில்லை. கடைசியாக, பாதுகாப்புக்கு என்று சொல்லி, பாரம் மீறினால் கத்தும் பஸ்ஸர் ஒன்றைப் பொருத்தினேன். சோதனைக்கு மூன்று நாள் இருக்கும்போது, குடியிருப்பு வாசலில், காலை நடைக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் அம்மா சக்கரத்தில் கால் வைத்தாள். பஸ்ஸர் ஊரைக் கூட்டியது. சட்டம் ஓடிவந்து, அம்மா நீங்க எறங்குங்க, லோடு ஜாஸ்தியாம் என்றார். அம்மா இறங்கினாள், சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், நான் என்ன சரக்கு லிஃப்டா என்று கேட்டாள், அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மேசையில இருக்குன்னு இந்தச் சக்கரத்தோட அப்பனுக்கு யாராவது சொல்லுங்க என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். நான் போய்ச் சாப்பிடுவேன்.

அம்மாவிடம், உன் எடையைச் சேர்த்தேன், மாட்டின சாமான் எடையைச் சேர்க்க மறந்துட்டேன், கணக்கு தப்பிடுச்சு என்று சொன்னேன். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன் பாப்பா, கணக்கு தப்பவில்லை. அவள் ஏறினால் அது கத்தும் என்று தெரிந்தேதான் வைத்தேன். குடைத் தாங்கியைக்கூட முழு மனதோடு வைத்தேன் என்று சொல்ல மாட்டேன். நான் தினமும் அவளை வாசல்வரை கொண்டுபோய் விடுவேன். அவள் நேராகப் போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரம் திரும்புவாள், அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது, ஒன்பது மணிக்கு அவள் திரும்பி வரும்வரை என் நெஞ்சு எனக்குச் சொந்தம் இல்லை. விழுந்தால் யார் சொல்வார்கள், எந்தக் கட்டடத்தின் பின்னால் போய்த் தேடுவது. நீ பெட்டியோடு டாக்சியில் போனதும் நம் தெருமுனையில் அப்படி ஒரு திருப்பத்தில்தான் மறைந்தாய், நான் கையைத் தூக்கினது தூக்கினபடியே நின்றேன். அவள் பில் கவுண்ட்டரில் உட்கார்ந்தால் நல்லது என்று நான் ஆசைப்பட்டேன். அதை வாயால் சொல்லத் தைரியம் இல்லாமல் பிளாஸ்டிக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். எல்லாத்தையும் கழட்டுங்க, கவ்வி மட்டும் இருக்கட்டும், பெடல் வழுக்குது, காலுக்கு ஏத்த மாதிரி ரெண்டு பட்டை மட்டும் போட்டுத் தாங்க என்றாள். சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னதே எனக்குப் போதுமானதாக இருந்தது. செய்தித்தாளை விரித்து அவளை நிற்கவைத்து, குனிந்து பாதத்தைச் சுற்றிப் பென்சில் கோடு போட்டேன். அப்போது பார்த்தேன், அவள் வெள்ளைக் கோட்டின் கீழ் ஓரம் இடது பக்கம் இறங்கியிருந்தது. லிஃப்டுக்கும் தரைக்கும் உள்ள ஏற்றத்தாழ்வைக் கண்ணாலேயே அளந்தவன் நான், விடுவேனா, மர ஸ்கேலை இடுப்புக்குக் குறுக்கே பிடிக்கச் சொல்லி அதன்மேல் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி வலது பக்கம் ஓடியது. அவளுடைய பழைய ரிப்போர்ட் அட்டைகளை ஒவ்வொன்றாக இடது காலுக்கு அடியில் வைத்துக்கொண்டே வந்தேன், குமிழி நடுவில் வந்து நின்றதும் அட்டைகளை உருவி அளந்தேன். ஒன்பது மில்லிமீட்டர். சக்கரத்தில் ஒரு கோளாறும் இல்லை, அம்மாவுக்கு இடது கால் குட்டை, பாரமெல்லாம் வலது பெடலில் இறங்கியிருக்கிறது.

பிறவியிலயே அப்படித்தான் என்றாள், சாதாரணமாக. செருப்பு வாங்கினால் பஸ் நிறுத்தத்தில் தைக்கிறவரிடம் கொடுத்து இடதில் ஒரு தோல் வைத்துக்கொள்வாளாம், அவருக்கு இருபது வருஷமாகத் தெரியுமாம். சக்கரத்துக்கென்று வாங்கின கேன்வாஸ் ஷூவில் அந்தத் தோல் இல்லை. முப்பத்தொரு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்க கேக்கலையே, சக்கரத்தைத்தானே அளந்தீங்க என்றாள். பிறகு அவளே சொன்னாள், பஸ்ஸர் தப்பா அடிக்கலைன்னும் எனக்குத் தெரியும், உங்க கணக்கு என்னைக்குத் தப்பியிருக்கு, பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க, எதுக்குப் பிளாஸ்டிக்கை வீணாக்குறீங்க. பயமா இருக்கு என்றேன். சரி என்றாள்.

இடது பெடலுக்கு ஒன்பது மில்லிமீட்டர் கூடுதலாகப் பட்டை அச்சடித்து ஒட்டினேன். கழற்றின சாமான்கள் ஒரு சாக்கு நிறைய. வெள்ளிக்கிழமை காலை லேப் டாக்டர் வாசலில் சட்டத்தின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அம்மா ஏறினாள், பென்சிலால் கோடு போட்ட மாதிரி நேராகப் போனாள், தொட்டி ஓரம் திரும்பினாள், நான் மூச்சை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியாது. போய்த் திரும்பி வந்து பெட்டியைத் திறந்து காட்டினாள், ஒரு குழாய் சாயவில்லை. டாக்டர் எழுந்திருக்கப் போனார், அம்மா உட்காருங்க சார், நேத்து போன்ல உங்களை வெறும் வயித்தோட வரச் சொன்னேனே, அது சும்மாவா என்று அவர் கையை நீட்டச் சொல்லி அங்கேயே ரத்தம் எடுத்துவிட்டாள். அவர் முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே, சுற்று வேலையில் இனி எந்த மாற்றமும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குக் கொழுப்பு கொஞ்சம் கூடுதல், இதை வெளியே சொல்லாதே.

சனிக்கிழமை காலை கிளம்பும்போது அம்மா சாக்கைக் கிளறி ஒரு சாமானை மட்டும் வெளியே எடுத்தாள், அந்த லிஃப்ட் மணியை. இத மாட்டுங்க என்றாள். தொட்டி ஓரம் திரும்பி மறைந்தாள், கொஞ்ச நேரத்தில் ஒரு டிங். பிறகு இன்னொன்று. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒன்று அடிக்கிறாள் என்று நாலாவது மணியில்தான் புரிந்தது. இப்போது தினமும் பன்னிரண்டு எண்ணிய பிறகுதான் நான் டீக்கு வருகிறேன், சட்டமும் கூடவே எண்ணுகிறார், ஒருநாள் பதினொன்றாவது தாமதமானதற்கு அவர்தான் முதலில் எழுந்து ஓடினார், அங்கே ஒரு தாத்தாவுக்கு நரம்பு கிடைக்கவில்லையாம்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல், விழாமல் இடறாமல், நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். வேளைக்குச் சாப்பிடு, இருமலுக்குச் சுடுதண்ணீர் குடி, வாரத்தில் ஒருநாள் என்று வைத்திருக்கும் போனை இரண்டு நாளாக்கினால் ஒன்றும் குறைந்துவிடாது, பேச ஒன்றும் இல்லையென்றால் அடித்துவிட்டு வை, எண்ணிக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று, மறக்காமல் செய். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் உன் ஷூ எப்போதும் ஒரு பக்கம் மட்டும் தேயும், காலை இழுத்து நடக்காதே என்று நான் உன்னை எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். நீ தலையைக் குனிந்துகொண்டு நடப்பாய். திட்டினேனே தவிர ஒருநாளும் அளந்து பார்க்கவில்லை. இந்தக் கடிதத்தோடு பெரிய தாள் ஒன்று மடித்து வைத்திருக்கிறேன். சுவரில் சாய்ந்து நேராக நின்று, மாப்பிள்ளையை இரண்டு காலையும் அளக்கச் சொல்லி, பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு எனக்கு அனுப்பு.

அளவு வரும்வரை பிரிண்டரை அணைக்காமல் வைத்திருக்கும்,
உன் அப்பா.