மார்ச் மாதத்துப் பெட்டி

அன்புள்ள அண்ணி,

அண்ணனின் அடக்கம் முடிந்து இத்தனை மாதம் கழித்துப் போன வாரம்தான் போன் செய்தீர்கள். "சிக்ஸ்டனோட மூளை உங்க லேபுக்குத்தான் வந்துச்சா?" என்று கேட்டீர்கள். "தெரியாது, எங்களுக்கு வெறும் எண்தான் வரும்" என்றேன். அது பொய்.

பெட்டியின் மேல் ஆண், நாற்பத்தேழு வயது, மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்னும் நரம்பு நோய், மார்ச்சில் இறப்பு என்று இருந்தது. எங்கள் உப்சாலா நகரில் அந்த மார்ச்சில் அப்படி வேறு யாரும் இறக்கவில்லை. விதிப்படி எங்கள் தலைவர் யோர்டிஸிடம் சொல்லி விலகியிருக்க வேண்டும். நான் கையுறை போட்டுக்கொண்டு மெல்லிய துண்டுகளாக வெட்டிச் சாயம் ஏற்றினேன். மதியம் மீன் சூப் சாப்பிட்டேன்.

நரம்புக்கு மயலின் உறை போடும் செல்கள், நோய் எதிர்ப்பு செல்களிடம் அடி வாங்கும் அப்பாவிகள் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தோம். அண்ணனிடம் அவற்றில் சில, எதிர்ப்பு செல்களைக் கூப்பிடும் அடையாளங்களைத் தாங்களே சுமந்திருந்தன. அவையும் சண்டையில் சேர்ந்திருந்தன.

"எவ்வளவு தெளிவா வந்திருக்கு! இது யாரோடது?" என்றார் யோர்டிஸ், திரையில் படத்தைப் பார்த்து.

"எங்க அண்ணனோடது."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவர முழுசா விட்டுடுங்களேன்" என்று மருத்துவமனையில் கெஞ்சினீர்கள். மூளை தானப் படிவத்தில் கையெழுத்திடப் பேனாவை உங்கள் கையில் திணித்தவள் நான்.

மீதி இன்னும் உறைபெட்டியில் இருக்கிறது. சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக நீங்கள் ஒரு வரி எழுதினால் திருப்பித் தருவார்கள், படங்களையும் அழித்துவிடுவார்கள். எழுதுங்கள் என்றோ வேண்டாமென்றோ இந்த முறை நான் சொல்லமாட்டேன்.

உங்கள் நாத்தனார்