சனிக்கிழமை வருகிறேன் என்றேன்

1986 மார்ச் 11, செவ்வாய். ஆஹென், மேற்கு ஜெர்மனி.

இன்று மாலை தேவாலய மண்டபத்தில் ஒல்லாந்து அரசியல்வாதி ஒருவர் பேசினார். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். மாடு வளர்த்தவர். பால் கூட்டுறவுச் சங்கத் தலைவராகிப் பாராளுமன்றத்துக்குப் போனவர். அங்கே விவசாயத்தைத் தவிர வேறெதையும் பேசாதவர். பால் உற்பத்திக்கு உச்சவரம்பு வந்தபோது, ஊர் விவசாயிகள் எதிர்த்தும் அதை ஆதரித்து வாக்களித்தாராம். அன்றிலிருந்து சொந்தத் தம்பியே தன்னோடு பேசுவதில்லை என்று சாதாரணமாகச் சொன்னார்.

கூட்டம் முடிந்து கோப்பி குடிக்கும்போது என்னிடம் வந்தார். இலங்கையில், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் விவசாயம் படித்ததைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. “சனிக்கிழமை என் பண்ணைக்கு வா. பத்து மணிக்கு எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் நிற்பேன்” என்றார். வருகிறேன் என்றேன்.

அகதி விண்ணப்பம் முடியும்வரை நான் இந்த நகரத்தைத் தாண்டக்கூடாது. அதைச் சொல்லியிருக்கலாம். அன்பாகக் கூப்பிடுகிற பெரியவரிடம் முகத்துக்கு நேரே மறுக்க எனக்கு வரவில்லை.

அறையில் என்னோடு இருக்கும் சிவம் அண்ணை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“எல்லையிலை பிடிச்சா உன்ரை கேஸ் முடிஞ்சுது. அந்தாள் தன்ரை ஊருக்கே ஏலாதெண்டு சொன்ன மனுசன். நீ ஒரு கோப்பிக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டு வந்து நிக்கிறாய்!”

“காயிதம் போடுறன், அண்ணை.”

“நாளைக்கே போடு. இல்லாட்டி கிழவன் குளிருக்கை நிக்கப்போறான்.”

எழுத உட்கார்ந்தேன். முதல் வரியில் நன்றி சொன்னேன். வாசித்துப் பார்த்தால் இரண்டாவது வரியிலும் நன்றிதான் இருக்கிறது. மூன்றாவதில், மாடுகள் எத்தனை என்று கேட்டிருக்கிறேன்.